பழைய லேண்ட்ரோவரில் பெட்ரோல் இன்ஜெக்ஷன்: பழுதறியும் முறை

கேமரன் மலையின் தெற்கே, ரிங்லெட்டை அடுத்துப் பெர்த்தாம் ஆற்றை ஒட்டிக் கிடக்கும் லெம்பா பெர்த்தாமில், காய்கறி நிலங்களுக்கும் தேயிலைச் சரிவுகளுக்கும் ஏறி இறங்கும் சேற்றுப் பாதைகளில், முட்டைக்கோஸ் கூடைகளையும் உர மூட்டைகளையும் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வந்தவை லேண்ட்ரோவர் வண்டிகள். 1948-இல் தோன்றிய அந்த வண்டி, 1958 முதல் 2,286 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினைப் பெற்று, அதே எஞ்சினுடன் 1985 வரை வெளிவந்தது. பலர் அந்த எஞ்சினை எடுத்துவிட்டு ஜப்பானிய டீசல் எஞ்சினைப் பொருத்திக்கொண்டார்கள் என்றாலும், பழைய பெட்ரோல் எஞ்சினையே காப்பாற்றி, கார்புரேட்டரை மட்டும் நீக்கி, மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் சாதனத்தை வைக்க விரும்புவது நியாயமான ஆசையே. அவ்வாறு மாற்றிய பிறகு வண்டி கறுப்புப் புகை கக்கினாலோ, ஏற்றத்தின் நடுவே இழுவையின்றி நின்றாலோ, பழுதை எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதே இங்கு விஷயம்.

மாற்றத்தை விரும்புவதற்கு இந்த மலையே ஒரு காரணம். தாப்பாவின் சமவெளியில் ஏறக்குறைய 100 கிலோபாஸ்கலாக இருக்கும் காற்றழுத்தம், 1,000 மீட்டர் உயரத்தில் சுமார் 90 ஆகவும், 2,000 மீட்டரை எட்டும் பிரிஞ்சாங் சிகரத்தருகே சுமார் 80 ஆகவும் குறைந்துவிடுகிறது. கார்புரேட்டர் காற்றின் வேகத்தைக் கொண்டு பெட்ரோலை இழுத்துக்கொடுப்பதேயன்றிக் காற்றின் எடையை அறியாது. ஆகவே சமவெளியில் சரியாக அமைத்த அதே கார்புரேட்டர், மலையுச்சியில் தேவைக்கு மேற்பட்ட பெட்ரோலை ஊற்றுகிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும் என்பது பிரமாணம். இன்ஜெக்ஷன் சாதனமோ, எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அழுத்தத்தையும் உஷ்ணத்தையும் அளந்து, அதற்கேற்பப் பெட்ரோலைக் கணக்கிட்டுத் தருகிறது. இந்த முறையை 1967-இல் போஷ் நிறுவனம் வோக்ஸ்வாகன் கார்களில் பெருமளவில் கொண்டுவந்தது. இன்று பழைய எஞ்சின்களுக்கென்றே விற்கப்படும் பொருத்துகள் பலவும் அதே தத்துவத்தில் இயங்குபவை.

ஆனால் இந்தச் சாதனத்தின் பலமும் பலவீனமும் ஒன்றே. இதிலுள்ள கம்ப்யூட்டர், மலையில் கொழுந்து பறிப்பதைக் கண்ணால் பாராமல், தன் மேஜைக்கு வரும் சீட்டுகளை மட்டும் நம்பிக் கணக்கெழுதும் கிராணியைப் போன்றது. சீட்டு தவறானால் கணக்கும் தவறும், கிராணியின் மேல் குற்றமில்லை. கார்புரேட்டரில் கோளாறு பெரும்பாலும் இருக்கும் இடத்திலேயே தன்னைக் காட்டிக்கொள்ளும். இன்ஜெக்ஷனிலோ காரணம் ஓரிடத்திலும் காரியம் வேறோரிடத்திலுமாக நிற்கும்.

எடுத்துக்காட்டாக, காற்றழுத்தத்தை அளக்கும் சென்சாருக்குச் செல்லும் சிறு ரப்பர் குழாயில் ஒரு வெடிப்பு விழுந்தால், எஞ்சின் முழுப் பாரத்துடன் ஏறுகிறது என்று எண்ணிக் கம்ப்யூட்டர் பெட்ரோலை மிகுதியாகப் பீய்ச்சும். வண்டி நின்ற இடத்தில் கறுப்புப் புகை கக்கும். எக்ஸாஸ்ட் குழாயின் இணைப்பில், புகையிலுள்ள ஆக்ஸிஜனை அளக்கும் சென்சாருக்கு முன்னால் ஒரு கசிவு இருந்தால், உள்ளே புகுந்த வெளிக்காற்றைக் கண்டு, பெட்ரோல் போதவில்லை என்று அந்த சென்சார் பொய்ச்சாட்சி சொல்லும். இரண்டிலும் இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வது வீண் வேலை. ஆகையால்தான், பழுதைத் துரத்திக்கொண்டு ஓடாமல், அடியிலிருந்து படிப்படியாக ஏறிவர வேண்டும் என்கிறேன்.

முதற்படி எஞ்சினே. வால்வு தேய்ந்து கம்ப்ரெஷன் குறைந்த எஞ்சினை எந்தக் கம்ப்யூட்டரும் குணப்படுத்தாது. நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரெஷன் சமமாக இருக்கிறதா, வால்வு இடைவெளி இந்த எஞ்சினுக்குரிய 0.25 மில்லிமீட்டரில் இருக்கிறதா, பிளக்கில் பொறி ஒழுங்காக விழுகிறதா என்பவற்றை முடித்துக்கொண்ட பிறகே மேலே செல்லலாம்.

இரண்டாவது படி மின்சாரம். பழைய வண்டிகளில் மிகுந்த நிதானத்தைக் கேட்கும் இடம் இதுதான். 1960-கள்வரை வந்த பல லேண்ட்ரோவர்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே எர்த்தாக இணைக்கப்பட்டிருந்தது. அதை மாற்றாமல் இணைத்தால் கம்ப்யூட்டர் நொடியில் பாழாகும். இவ்வண்டியின் உடல் அலுமினியக் கலவை, சேஸ் இரும்பு; மலைநாட்டின் ஓயாத ஈரத்தில் இவ்விரண்டும் சேருமிடத்தில் அரிப்பு உண்டாகி மின்னோட்டத்தைத் தடுக்கும். ஆகவே கம்ப்யூட்டரின் எர்த் கம்பியை உடற்தகட்டில் முடுக்காமல், எஞ்சினிலோ பேட்டரியிலோ நேராகச் சேர்க்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சினிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எர்த் கம்பி சரியில்லை என்பது நிச்சயம். தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டரும், மின்தடையில்லாத செப்பு பிளக் வயர்களும் பொய்த் துடிப்புகளை எழுப்பி, எஞ்சினின் சுழற்சியைக் கம்ப்யூட்டர் தவறாக எண்ணும்படி செய்யும் என்பதையும் மறக்கலாகாது.

மூன்றாவது படி பெட்ரோல். கார்புரேட்டருக்குக் கால் பார் அளவான அழுத்தமே போதும். இன்ஜெக்ஷனுக்கோ அமைப்பைப் பொறுத்து ஒரு பார் முதல் மூன்று பார் வரை தேவை. பழைய ரப்பர் குழாய்கள் இதைத் தாங்கா. வெடித்தால் சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் தெறித்துத் தீப்பிடிக்கும் ஆகையால், அதற்கென்று செய்த குழாய்களையே போட வேண்டும், எஞ்சின் நின்றவுடன் பம்ப்பும் நிற்கும்படி ரிலே இருக்க வேண்டும், அழுத்தத்தை வடியவிட்ட பின்னரே எந்த இணைப்பையும் கழற்ற வேண்டும். கேஜைப் பொருத்திப் பார்ப்பதும் வண்டி நின்றிருக்கும்போது மட்டும் போதாது. சுமையுடன் ஏறும்போது அழுத்தம் நிலைக்கிறதா என்பதே பரீட்சை. செங்குத்தான சரிவில், டாங்கியில் பெட்ரோல் குறைவாக இருந்தால் அது ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். கார்புரேட்டரின் கிண்ணத்திலிருந்த சிறு சேமிப்பு முன்பு இக்குறையை மறைத்தது. இப்போது அந்த வேலைக்கு ஒரு சிறு இடைத்தொட்டி தேவைப்படும்.

நான்காவதாகவே சென்சார்களிடம் வர வேண்டும். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பினால், அழுத்த சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும்: தாப்பாவில் சுமார் 100, லெம்பா பெர்த்தாமின் உயரத்தில் சுமார் 90. சமவெளியில் எழுதிய கையேட்டைப் பார்த்து, 90 காட்டும் நல்ல சென்சாரைப் பழுதென்று எறிந்துவிடக் கூடாது. உஷ்ண சென்சாரை வெந்நீரில் இட்டுச் சோதிக்கும்போதும், இவ்வுயரத்தில் நீர் 97 பாகை அளவிலேயே கொதித்துவிடும் என்பது நினைவிருக்கட்டும். அதன் மின்தடை சூடேற ஏறக் குறைய வேண்டும். கம்பி அறுந்தால் எஞ்சின் கடுங்குளிரில் இருப்பதாகக் கருதும் சாதாரணக் கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊற்றும்.

இவையெல்லாம் சரியென்று கண்ட பிறகே கம்ப்யூட்டரின் எரிபொருள் அட்டவணையைத் தொடலாம். அப்போதும் ஒரு வேளைக்கு ஒரு மாற்றம் மட்டுமே. இரண்டை ஒன்றாக மாற்றியவர், வண்டி சீரானாலும் எதனால் சீரானது என்று அறியமாட்டார். அறியாத குணம் மீண்டும் கெடும்போது அவருக்கு வழியில்லை.

வண்டி நன்றாக ஓடும் நாளிலேயே அதன் எண்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது இந்த வேலையில் மிகச் சிறந்த உபாயம்: குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் சென்சார்கள் காட்டுவது, பெட்ரோல் அழுத்தம், பேட்டரியின் வோல்ட், எந்த உயரத்தில் எடுத்த அளவு என்பது. லேப்டாப்பும் நிபுணரும் கீழே ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ இருக்கலாம். ஆனால் விடியலில் காய்கறியை ஏற்ற வேண்டிய விவசாயியின் வண்டி நிற்பது மலையில். அங்கே இருக்கும் பட்டறைக்காரர் ஒரு மீட்டரும், ஒரு கேஜும், தாய்மொழியில் எழுதிய அந்தக் குறிப்பேடும் வைத்திருந்தாரானால், முன்பு கார்புரேட்டரை ஆண்ட அதே நம்பிக்கையுடன் இந்தச் சாதனத்தையும் ஆள முடியும்.