சாவி கனடாவில், லப்டொப் பருத்தித்துறையில்

இரவு பத்தரை மணிக்கு என் பெறாமகள் அழுதுகொண்டு போன் எடுத்தாள். “சித்தப்பா, லப்டொப் நீலமா வந்து நிக்குது. என்னவோ நம்பர் கேக்குது. நாளைக்கு அசைன்மென்ட் குடுக்கோணும்.” பின்னேரம் அப்டேட் ஒன்று வந்திருக்கிறது. சரி என்று அழுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால் நீலத் திரை, நடுவில் நீளமாக ஒரு பெட்டி, அதில் 48 இலக்கங்களை அடிக்கச் சொல்லி ஒரு வரி. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தினமும் லப்டொப் திறக்க அடிக்கும் நான்கு இலக்கம்தான்.

விடிந்ததும் அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போனார். பத்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. “மதர்போட் போயிட்டுது அண்ணை. மாத்தி, போமற் அடிச்சுத்தான் தரலாம். முப்பத்தையாயிரம் முடியும்.” நல்லகாலம், காசு கொடுக்க முதல் எனக்கு ஒரு சொல் சொன்னார். அந்த லப்டொப் கனடாவின் ஸ்காபரோவில் வாங்கியது. பிள்ளையின் மாமா அங்கேயே தன் மின்னஞ்சலைப் போட்டு எல்லாம் சரிபண்ணி, ஊருக்கு வந்தவர்களிடம் கொடுத்துவிட்டிருந்தார். அன்று இரவு அவர் தன் கணக்கைத் திறந்து, ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தரம் வாட்ஸப்பில் வாசித்தார். பிள்ளை ஒவ்வொன்றாக அடித்தாள். எட்டாவது தொகுதி முடிந்ததும் லப்டொப் திறந்துகொண்டது. அசைன்மென்ட் அப்படியே இருந்தது. மதர்போட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாற்றியிருந்தாலும் அதே நீலத் திரைதான் வந்திருக்கும், ஏனென்றால் மதர்போட் மாறினாலும் இந்தப் பூட்டு விழும்.

இதை எழுதுவதற்குக் காரணம் அந்த முப்பத்தையாயிரம்தான். அப்டேட்டுக்குப் பிறகு திறக்காத லப்டொப் எல்லாம் செத்த லப்டொப் அல்ல. எது பூட்டு, எது பழுது என்று தெரியாததால் எங்கள் வீடுகளில் காசும் போகிறது, பிள்ளைகளின் படிப்பும் படங்களும் போகின்றன.

பூட்டின் பெயர் பிட்லொக்கர். லப்டொப் களவுபோனால் உள்ளே இருப்பதை எவரும் வாசிக்க முடியாதபடி வட்டையே மறையாக்கம் செய்யும் விண்டோஸ் வசதி இது. புதிய லப்டொப்பில் மைக்ரோசொப்ட் கணக்குப் போட்டு நுழைந்தால், பெரும்பாலும் கேளாமலே இயங்கத் தொடங்கும். சாவி அந்தக் கணக்கில் போய்ச் சேரும். யாருடைய கணக்கு என்பதில்தான் எங்கள் சிக்கல் இருக்கிறது. கனடா, லண்டன், பாரிஸ் என்று எங்கிருந்தோ வரும் லப்டொப்பில் அனுப்பியவரின் கணக்கோ, கடைக்காரர் அவசரத்துக்குத் திறந்த கணக்கோ இருக்கும். பாவிக்கிறவர் வேறு, சாவி வைத்திருப்பவர் வேறு. சாவி எங்கும் இல்லையென்றால் மைக்ரோசொப்ட் நிறுவனமே வந்தாலும் திறக்க முடியாது. லப்டொப்பைப் போமற் அடித்துவிட்டுத் திரும்பப் பாவிக்கலாம், உள்ளே இருந்தவை போனவைதான்.

அப்டேட் இந்தப் பூட்டைத் தானாக எழுப்பியதும் நடந்திருக்கிறது. 2024 ஜூலை 9 அன்று வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு பல கணினிகள் இந்தச் சாவியைக் கேட்டு நின்றன. மைக்ரோசொப்ட் அதை ஒப்புக்கொண்டது, திருத்தம் ஓகஸ்ட் 13 அன்று வந்தது. 2025 மே மாதம் விண்டோஸ் 10 இயங்கிய சில கணினிகளில் அதே கதை நடந்து, ஒரு வாரத்துக்குள் அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. பூட்டுக்குச் சம்பந்தமில்லாமல் நின்றவையும் உண்டு. 2020 நவம்பரில் அப்பிளின் பிக் சேர் அப்டேட், 2013, 2014ஆம் ஆண்டு 13 அங்குல மக்புக் புரோக்கள் சிலவற்றைக் கறுப்புத் திரையில் நிறுத்தியது. விண்டோஸுக்குப் பதிலாகச் சிலர் பாவிக்கும் உபுண்டுவும் தப்பவில்லை. 2017 டிசம்பரில் அதன் 17.10 பதிப்பு லெனோவோ உள்ளிட்ட சில லப்டொப்களின் பயோஸைக் கெடுத்ததால் நிறுவும் கோப்பையே திரும்பப் பெற்றார்கள்.

கடைசியாகச் சொன்னது வேறு வகைப் பழுது, உண்மையிலேயே பயப்பட வேண்டியதும் அதுதான். பயோஸ் என்பது லப்டொப் கண்விழிக்கும்போது முதலில் ஓடும் சிறு மென்பொருள். அதற்கான அப்டேட்டும் இப்போது விண்டோஸ் அப்டேட்டோடு சேர்ந்து வருகிறது. அது எழுதப்படும் சில நிமிடங்களில் மின்சாரம் நின்றால் லப்டொப் எழும்பாமலே போகலாம். எங்கள் வீடுகளில் ஓடும் பழைய லப்டொப்களில் பாதிக்கு பற்றரி இல்லாத மாதிரித்தான். வயரைக் கழற்றினால் உடனே அணைந்துவிடும். வடமராட்சியில் மழைக்காலத்துக் காற்றுக்கு கரண்ட் எப்போது நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? பற்றரி செத்த லப்டொப்பில் பயோஸ் அப்டேட்டைத் தொடவே கூடாது. புதுப் பற்றரியின் விலை புது மதர்போட்டின் விலையல்ல.

அப்படியானால் அப்டேட்டையே நிறுத்திவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கடைகளில் சிலர் அப்படி நிறுத்தியும் விடுகிறார்கள். அது பிழை. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவைக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். பழைய, புதுப்பிக்கப்படாத மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013இல் ஓடிக்கொண்டிருந்த சேவையைக் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகளின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் அழிந்தன. அந்தக் காலத்துக்குப் பிரதியும் இருக்கவில்லை. அரசுக்கே அந்தக் கதி என்றால், வங்கிக் கணக்கைத் திறக்கும் எங்கள் லப்டொப்புக்கு?

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுப் பாவனையாளர் பதிந்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் 2026 ஒக்டோபர் 13 வரை கிடைக்கும். அமைப்புகளை மைக்ரோசொப்ட் கணக்கோடு ஒத்திசைக்கச் சம்மதித்தால் அந்தப் பதிவுக்குக் காசு இல்லை. தகுதியில்லாத பழைய லப்டொப்பில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுத் தருவதாகச் சொல்லும் கடைகளில் கவனம் தேவை. அப்படிப் போட்டதற்கு அப்டேட் தரும் பொறுப்பு தனக்கில்லை என்று மைக்ரோசொப்ட் எழுதியே வைத்திருக்கிறது.

ஆகவே அப்டேட் போடுங்கள், ஆனால் நேரம் நீங்கள் பார்த்துப் போடுங்கள். விண்டோஸில் ஐந்து வாரம் வரை அப்டேட்டைத் தள்ளிவைக்கலாம். பரீட்சை வாரத்திலும் விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முதல்நாளும் போடவேண்டியதில்லை. அப்டேட் போடுவதற்கு முன் முக்கியமானவற்றை வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். பிட்லொக்கர் சாவியை, அது இருக்கும் கணக்கைத் திறந்து இன்றே எடுத்து, கொப்பியில் எழுதி, அடையாள அட்டை வைக்கும் இடத்தில் வையுங்கள். லப்டொப்புக்குள்ளேயே சேமித்து வைத்துப் பயனில்லை.

நின்றுவிட்டால் முதலில் திரையைப் போனில் படம் எடுங்கள். நீலத் திரை சாவி கேட்கிறதா, பிழைக் குறியீடு காட்டுகிறதா, ஒன்றுமே இல்லாமல் கறுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் தொடங்கும்போது பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து இரண்டு மூன்று தரம் நிறுத்தினால் திருத்தும் பட்டியல் வரும். அதில் கடைசி அப்டேட்டை நீக்கும் வழி இருக்கிறது. பெரிய பதிப்பு மாற்றம் என்றால் பத்து நாளுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். கடைக்குக் கொண்டுபோனால் “போமற் அடிக்க முதல் என்னைக் கேளுங்கோ” என்று வாயால் சொல்வதோடு நில்லாமல் வேலைச் சீட்டிலும் எழுதுவியுங்கள்.

இனி உரிமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, விற்றவர் கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துவராவிட்டால் அதிகாரசபையிடம் முறையிடலாம். திருத்த வேலை போன்ற சேவையும் தகுந்த கவனத்தோடும் திறனோடும் செய்யப்பட வேண்டும் என்பது அந்தச் சட்டத்தில் இருக்கிறது. பழுதாகாத மதர்போட்டைப் பழுதென்று சொல்லிக் காசு வாங்குவது மக்களைத் தவறாக வழிநடத்துவது, அதையும் சட்டம் தடுக்கிறது. முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும். வாங்கிய நாளிலிருந்து அல்லது சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். இந்த மூன்று மாதத்தைத்தான் எங்கள் ஆட்கள் “பாப்பம், பாப்பம்” என்று கடைக்கு நடந்து நடந்தே தொலைத்துவிடுகிறார்கள். கேட்டால் ரசீது தரவேண்டியது வியாபாரியின் கடமை, ஆகையால் கேட்க வெட்கப்படாதீர்கள். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. நேரில் என்றால் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்துக்குப் போங்கள். காலம் கடந்திருந்தால் சட்டத்தரணி இல்லாமலே போகக்கூடிய மத்தியஸ்த சபை இருக்கிறது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழக்கும் வைக்கலாம்.

வெளிநாட்டு லப்டொப் என்றால் பில் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டமே பெரும்பாலும் கைகொடுக்கும். பில்லைத் தூக்கி எறிய வேண்டாம் என்று அனுப்புகிறவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். பிரித்தானியாவின் 2015 பாவனையாளர் உரிமைச் சட்டத்தில், மென்பொருளைத் தந்தவரின் கவனயீனத்தால் கருவி பழுதானால் திருத்தித் தரவோ நட்டஈடு தரவோ வேண்டும் என்று 46ஆம் பிரிவு சொல்கிறது. பெரிய நிறுவனத்தோடு மோத முடியாது என்றும் நினைக்க வேண்டாம். கேளாமலே வந்த விண்டோஸ் 10 தன் அலுவலகக் கணினியைக் கெடுத்தது என்று கலிபோர்னியாவின் பயண முகவர் ஒருவர் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போனார். 2016இல் மைக்ரோசொப்ட் மேன்முறையீட்டைக் கைவிட்டு அவருக்கு 10,000 டொலர் கட்டியது. இத்தாலியில் 2018 ஒக்டோபரில், போன்களைக் கெடுத்த அப்டேட்டுகளுக்காக அப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சம்சுங்குக்கு 50 இலட்சம் யூரோவும் தண்டம் விதித்தார்கள். கெட்ட போனைத் திருத்த சம்சுங் அதிக காசு கேட்டதும் அந்தத் தீர்ப்பில் கணக்கில் எடுக்கப்பட்டது.

முறைப்பாட்டுக் கடிதம் ஒரு பக்கம் போதும். எப்போது, எங்கே, என்ன விலைக்கு வாங்கியது, எந்த நாள் எந்த அப்டேட்டுக்குப் பிறகு நின்றது, கடையில் என்ன சொன்னார்கள், எவ்வளவு கேட்டார்கள், உங்களுக்கு என்ன வேண்டும் என்பவற்றை எழுதுங்கள். பில், வொரண்டி அட்டை, வேலைச் சீட்டு, திரையின் படம் எல்லாவற்றின் பிரதியையும் இணையுங்கள், மூலத்தைக் கொடுத்துவிடாதீர்கள். கடிதத்தின் இரண்டாவது பிரதியில் அலுவலகத்தின் திகதி முத்திரையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.