எல்லையில் ஒரு ஆட்டம் – 9: சம்பளக் கணக்கில் விழுந்த பூட்டு

ஓசூர் ஜூஜூவாடியில் நிற்பவரின் போனுக்குச் சில நேரம் தமிழ்நாட்டு டவர் கிடைக்கும், சில நேரம் கர்நாடக டவர். அந்தப் பக்கம் அத்திப்பள்ளி. இந்தச் சின்ன இடைவெளியில்தான் ஆன்லைன் சூதாட்டச் சட்டம் தலைகீழாகப் புரண்டது. 2020 நவம்பரில் தமிழ்நாடு தடை போட்டது. 2021 ஆகஸ்ட் 3-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அக்டோபர் 5-ல் கர்நாடகத்தின் தடை வந்தது. 2022 பிப்ரவரி 14-ல் அதுவும் நீதிமன்றத்தில் விழுந்தது. முதலில் அத்திப்பள்ளிக்குப் போய் ஆடியவர்கள், பிறகு ஓசூருக்குத் திரும்பி வந்து ஆடலாம் என்ற நிலை!

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அந்த எல்லைக் கோட்டையே அழித்தது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்கு நாடு முழுக்கத் தடை. ரம்மி ஆப்கள் கடையைக் கட்டின. ஆனால் ஆசை கடையைக் கட்டவில்லை. சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து ரூமுக்கு வந்து படுப்பவரின் டெலிகிராமில் இப்போது வருவது ஒரு ஏபிகே ஃபைல். ப்ளே ஸ்டோரில் அது இருக்காது. நிறுவும்போது போனே எச்சரிக்கும். அதையும் தாண்டிப் போனால், எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். சீட்டு ஆட எஸ்எம்எஸ் எதற்கு? பேங்க் அனுப்பும் ஓடிபி வந்து விழுவது அங்கேதானே. அடுத்து ஆதார், பான், செல்ஃபி. வாங்கி வைப்பவர் யார், எந்த நாட்டில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

பணம் கட்டும் இடத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் திரையில் கம்பெனி பெயர் வராது. இன்று ஏதோ ஒரு கடையின் பெயர், நாளை முன்பின் தெரியாத ஒரு ஆளின் பெயர். இவை வாடகைக்கு எடுத்த கணக்குகள். 2023 நவம்பர் 5-ல் மகாதேவ் உள்ளிட்ட 22 சூதாட்டத் தளங்களை மத்திய அரசு முடக்கியது. பினாமி வங்கிக் கணக்குகளின் அடுக்கு வழியாகப் பணம் போய்வந்தது என்பதுதான் மகாதேவ் மீது அமலாக்கத் துறை சொன்ன குற்றச்சாட்டு.

ஜெயித்த பணம் திரும்பி வருவதும் அப்படிப்பட்ட கணக்கிலிருந்துதான். வேறொரு மாநிலத்தில் ஏமாந்த ஒருவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் சொல்கிறார். அவருடைய பணம் எந்தெந்தக் கணக்குகளைத் தொட்டதோ, எல்லாவற்றையும் போலீஸ் பின்தொடர்கிறது. ஓசூர்த் தொழிலாளிக்கு வந்தது இரண்டாயிரமாக இருக்கலாம். ஆனால் முடங்குவது அவருடைய சம்பளக் கணக்கு. ஏழாம் தேதி சம்பளம் உள்ளே வரும், வெளியே வராது. ரூம் வாடகையும் பைக் தவணையும் காத்திருக்குமா? பேங்கில் கேட்டால், பெயரே கேள்விப்படாத ஒரு ஊரின் காவல் நிலையத்தைக் கை காட்டுவார்கள். சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்தினால் போதும் என்று கேரள, சென்னை உயர் நீதிமன்றங்களின் உத்தரவுகள் உண்டு. அந்த உத்தரவைத் தேடிப் பிடிக்க லீவு போட வேண்டும், வக்கீல் வைக்க வேண்டும்.

இதைவிட மோசம், கணக்கையே வாடகைக்கு விடுவது. பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் கொடுத்தால் மாதம் ஒரு தொகை என்பார்கள். கொடுத்தவர் வழக்கில் சாட்சி அல்ல, குற்றம் சாட்டப்பட்டவர்.

ஏமாந்தவர்கள் வாய் திறக்காததற்குக் காரணம் பயம். பழைய தடை ரத்தான பிறகு தமிழ்நாடு கொண்டுவந்த 2022 சட்டப்படி சூதாடுபவருக்கும் மூன்று மாதம் வரை சிறை உண்டு. மத்தியச் சட்டத்திலோ ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. இந்த முரண்பாட்டை அரசு உடனே தீர்க்க வேண்டும். பயந்து கடத்தும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் இன்னொரு கணக்குக்குத் தாவுகிறது.

ஆப்பை நீக்கினாலும் கொடுத்த ஆதார் நகல் திரும்பி வராது. அதனால் ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைப்பதும், பேங்க் பாஸ்வேர்டையும் யுபிஐ பின்னையும் வேறு போனிலிருந்து மாற்றுவதும் அன்றைக்கே முடிய வேண்டிய வேலைகள். பிறகு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் தன் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கலாம். தான் வாங்காத நம்பர் அங்கே இருந்தால், ‘என் நம்பர் இல்லை’ என்று அதே பக்கத்தில் புகார் செய்ய வழி இருக்கிறது.