3டி கண்ணாடி போட்ட கும்பிடுபூச்சி

கேமரா வாங்கப் போனால் எத்தனை மெகாபிக்சல் என்றுதான் முதலில் கேட்கிறோம். தட்டானின் ஒரு கண்ணில் அதிகபட்சம் சுமார் 30,000 சிறு லென்சுகள்தான் உண்டு. ஒவ்வொன்றையும் ஒரு பிக்சல் என்று வைத்துக் கொண்டால், 640க்கு 480 அளவுள்ள பழைய வெப்கேமில் பத்தில் ஒரு பங்கு. அதை வைத்துக் கொண்டே பறக்கும் கொசுவைப் பறந்தபடி பிடித்து விடுகிறது.

ரகசியம் இதுதான். வந்த படம் முழுவதையும் அது புரிந்து கொள்ள முயல்வதில்லை. அசையும் சிறு புள்ளிக்கு மட்டும் பதில் தரும் நரம்பு செல்கள் அதன் மூளையில் உள்ளன. புள்ளி பெரிதானால் இவை அடங்கி விடும். கொசுவா, ஈயா என்ற ஆராய்ச்சியெல்லாம் இங்கே கிடையாது.

கும்பிடுபூச்சிக்கு இது போதாது. ஓரிடத்தில் காத்திருந்து முன்னங்கால்களை வீசிப் பிடிப்பதால் தூரமும் தெரிய வேண்டும். அருகில் உள்ள சிறு பூச்சியும் தொலைவில் உள்ள பெரிய பறவையும் கண்ணில் ஒரே அளவாக விழலாம். முதலாவது அதற்குச் சாப்பாடு. இரண்டாவதற்கு இதுவே சாப்பாடு!

இரு கண்களின் படங்களை ஒப்பிட்டு அது தூரத்தை அறிகிறது என்பதை 1983ல் சாமுவேல் ரோசல் பட்டகங்களைக் கொண்டு காட்டினார். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஜென்னி ரீட் குழுவினர் கம்ப்யூட்டர் மானிட்டரையே பயன்படுத்தினார்கள். தியேட்டரில் தரும் போலரைஸ்டு வகைக் கண்ணாடி சரிப்படவில்லை. பூச்சி திரைக்கு மிக அருகில் இருந்ததால் இரு படங்களும் சரியாகப் பிரியவில்லை. நாம் அறிந்த சிவப்பு ஃபில்டரும் உதவாது. கும்பிடுபூச்சிக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. எனவே ஒரு கண்ணுக்கு நீலம், மறு கண்ணுக்குப் பச்சை என்று குட்டிக் கண்ணாடி செய்து தேன்மெழுகால் ஒட்டினார்கள். தலைகீழாகத் தொங்கவிட்ட பூச்சியின் முன் ஒரு வட்டம் திரையில் ஓடியது. சாதாரண 2டியில் அது சும்மா இருந்தது. 3டியில் வட்டம் கைக்கெட்டும் தூரத்தில் மிதப்பதாகத் தோன்றியதும் கால்களை வீசியது. 2016ல் இந்த முடிவு வெளியானது.

2018ல் வந்த அடுத்த முடிவுதான் இன்னும் சுவாரசியம். நம் மூளை இரு படங்களின் நுணுக்கங்களையும் பொருத்திப் பார்க்கிறது. பொருந்தாவிட்டால் ஆழம் தெரியாது. இரு கண்களுக்கும் சம்பந்தமே இல்லாத புள்ளிக் கோலங்களைக் காட்டியபோது மனிதர்கள் திணறினார்கள். கும்பிடுபூச்சியோ சரியாகத் தாக்கியது! வெளிச்சம் எந்த இடத்தில் மாறுகிறது என்பதை மட்டுமே அது ஒப்பிடுகிறது.

இரண்டு கேமரா வைத்துத் தூரம் கணக்கிடும் ரோபோக்களுக்கு, படங்களைப் பொருத்துவதில்தான் பிராசசர் வேலை அதிகம். அந்த வேலையைக் குறைத்தால் சிறிய ட்ரோனில் சிறிய சிப்பும் பேட்டரியும் போதுமே என்பதால் பொறியாளர்கள் இதைக் கவனிக்கிறார்கள். ஒரு நிபந்தனை உண்டு: எதிரில் உள்ள பொருள் அசைய வேண்டும். அசையாத படத்தில் இந்த முறை செல்லாது.