திரை விலகுவதற்கு முன்னால்

எட்டிப் பார்த்துவிட்டேன்! பினாங்கு குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலில், நவராத்திரி அலங்காரம் முடியும்வரை திரைக்கு வெளியே நின்று தவிக்கும் கூட்டத்தில் ஒருத்தியாகத்தான் இத்தனை காலம் இருந்தேன். இந்தத் தடவை, படம் வரையும் தோழிக்கு அலங்காரக்கார அண்ணனைத் தெரியும் என்பதால் மண்டபத்து ஓரத்தில் இடம் கிடைத்தது. "எதையும் தொடக்கூடாது தங்கச்சி" என்றதோடு சரி. கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

உள்ளே மந்திரமும் மௌனமுமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியே தையல் கடை! ஊக்கு, ஊசி, சணல் கயிறு, கத்தரிக்கோல், வாளி நிறைய வேப்பிலை. உற்சவர் உருவத்தில் சின்னவள். வெளியே நாம் பார்க்கும் அம்மனோ நெடுநெடுவென நிற்பாள். அந்த வளர்த்தியெல்லாம் கட்டுமானம். பட்டுப் புடவையை அண்ணன் வெட்டாமல், விரலகலத்துக்கு மடித்து, மடிப்புக்கு மடிப்பு நூலால் இறுக்கி விரிக்கிறார். "வெட்டிட்டா அப்புறம் யாரு கட்டுறது?" என்று சிரிக்கிறார்.

தோழி கிசுகிசுத்தாள்: "கையைப் பார்க்காதே, அவர் எங்கே போய் நிற்கிறார்னு பாரு." பார்த்தேன். நொடிக்கொரு தரம் திரைக்கு அடியில் குனிந்து வெளியேறி, தரையில் குந்தி, ஒற்றைக் கண்ணை மூடி அண்ணாந்து பார்க்கிறார். கற்பூர வெளிச்சம் கீழிருந்துதானே வரும். மாலை ஓர் அங்குலம் உயர்ந்தாலும் அம்மனின் முகவாயில் நிழல் விழுந்துவிடுமாம். சிவப்புப் புடவை மேல் சிவப்பு ரோஜாவை நேராகச் சாத்தவும் மாட்டார். தூரத்தில் இரண்டும் ஒன்றாகக் கலங்கிப் போகும். நடுவே ஒரு வரிசை வேப்பிலை, ஒரு சரம் மல்லிகை. தோழிக்குத் தலைகால் புரியவில்லை. "நான் காலேஜில் ஒரு வருஷம் படிச்ச பாடம்டி இது!"

வெளியே வந்து கோபுரத்தைப் பார்த்தால் அதிலும் இதே கணக்குதான். 1801இல் சிறு வழிபாட்டிடமாகத் தொடங்கி, 1833இல் கோயிலாக எழுந்தது இது. கோபுரம் 23.5 அடிதான், அதில் 38 சிலைகள். தெருவோ குறுகல். பின்னால் நகர்ந்து பார்க்க நினைத்தால் எதிர்க்கடைக்குள்தான் போய் நிற்க வேண்டும். ஆகவே அண்ணாந்துதான் பார்க்கிறோம், உயரம் தானாக வந்துவிடுகிறது. பின்வாசல் திறப்பது கப்பித்தான் கிளிங் மசூதிச் சாலையில்; அங்கே சாவகாசமாக நடக்கலாம், ஆனால் இந்தக் கிறுகிறுப்பு கிடைக்காது.

விஜயதசமி வந்தால் அண்ணனுக்கு வேறு தலைவலி. மரத்தேரில் அம்மன் லிட்டில் இந்தியாவைச் சுற்றுகிறாள். பார்க்கிறவர்கள் நாலாபக்கமும் இருப்பார்கள், தேரும் குலுங்கும். அன்றைக்கு ஒவ்வொரு முடிச்சும் இரட்டை. கிரீடம் ஒரு நூல் முன்னால் சாய்வு, தெருவில் நிற்கிற பிள்ளைக்கும் முகம் தெரிய வேண்டுமே. முதுகுப் பக்கத்துக்கும் தனி மாலை. அந்தப் பக்கத்தை நான் அதுவரை கவனித்ததே இல்லை!

கடைத் தெருவில் தட்டும் தேங்காயுமாக ஜனம் நெரிய, அண்ணன் இடுப்பில் ஊக்குப் பையைச் செருகிக்கொண்டு தேருக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்தார். ஓரிடத்தில் தேர் நின்றது. அர்ச்சனைக்கு என்று எல்லாரும் தட்டை நீட்டினார்கள். தோழி என்னைக் கிள்ளினாள்: இடது தோள் மாலை சரிந்திருந்தது, அண்ணன் ஏற்கெனவே பாதித் தேர் ஏறிவிட்டிருந்தார்.