பின்சில்லுப் பக்கத்தில் ஒரு சத்தம்

கொழும்பு மாநகரின் வீதிகளில் ஓடும் மோட்டார் வண்டிகளைச் சற்று உற்று நோக்குவோர், அவற்றுட் பல நீண்ட நாள் உழைத்தவை என்பதை எளிதில் அறிவர். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளைப் பொறுத்தவரை 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளில், உள்ள வண்டியைப் பேணிக் காப்பதே குடும்பத்தவருக்கு வழியாயிற்று. பஞ்சிகாவத்தைக் கடைகளில் உதிரிப்பாகம் தேடி அலைந்தோர் எத்தனையோ பேர்! பழையதைச் சீராக்குவதோடு அமையாது, அதனைப் புதியதிலும் சிறந்ததாக்க வேண்டும் என்ற ஆசையும் சிலருக்கு எழுந்தது. அவ்வாசையின் ஒரு வடிவம், வண்டியின் பின்புறத்துக்குத் தடித்த 'ஸ்டெபிலைசர் பார்' ஒன்றை வாங்கிப் பூட்டுவது. பூட்டிய மறுவாரமே பின்சில்லுப் பக்கத்திலிருந்து 'டக், டக்' என்றொரு சத்தம் புறப்படுவதும் பலர் கண்ட அனுபவம்.

இத்தண்டின் தொழில் யாது? வண்டி வளைவில் திரும்பும்போது உடற்பகுதி வெளிப்பக்கமாகச் சாய்கிறது. அப்பக்கத்து விற்சுருள் அமுங்க, மறுபக்கத்தது விரிகின்றது. இரு பக்கச் சில்லுகளையும் இணைத்துக் குறுக்கே கிடக்கும் உருக்குத் தண்டு அப்போது முறுக்கப்படுகின்றது. முறுக்கை எதிர்த்து நின்று சாய்வைக் குறைக்கின்றது. கனடாவின் பிரெடெரிக்டன் நகரைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் என்பார் 1919ஆம் ஆண்டிலேயே இத்தகைய அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். இரு சில்லுகளும் ஒருங்கே மேலெழுந்து ஒருங்கே தாழுமாயின் தண்டு முறுகுவதில்லை. தன் இருக்கையில் சும்மா சுழன்று கொடுக்கும். ஒரு சில்லு மட்டும் பள்ளத்தில் விழுந்தாலோ மேட்டில் ஏறினாலோதான் அதற்கு வேலை. இவ்வேறுபாட்டை வாசகர்கள் மனத்திற் கொள்க, பின்னர் பயன்படும்.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்றும் இங்குண்டு. திண்மத் தண்டொன்றின் முறுக்கல் விறைப்பு, அதன் விட்டத்தை நான்கு முறை தன்னாற் பெருக்கினால் வரும் எண்ணுக்கு விகித சமமானது. 16 மில்லிமீற்றர் தண்டைக் கழற்றி 20 மில்லிமீற்றர் தண்டைப் பூட்டினால் விட்டம் கூடியது காற்பங்கே. விறைப்போ ஏறத்தாழ 2.4 மடங்காகி விடுகின்றது. கடைக்காரர் "நாலு மில்லிதானே" என்பார். ஆனால் அவ்வளவு விசையையும் தாங்க வேண்டியவை, தண்டைப் பிடித்திருக்கும் இறப்பர் புஷ்களும், அதன் முனையைச் சில்லுப் பகுதியோடு தொடுக்கும் லிங்க்குகளும், சிறு போல்ட்டுகளுமே. மெல்லிய தண்டுடன் ஊமையாய்க் கிடந்த தேய்ந்த லிங்க், தடித்த தண்டு வந்ததும் வாய் திறக்கின்றது.

சத்தத்திலும் சாதி உண்டு. 'கீச்' என்ற ஒலி பெரும்பாலும் புஷ்ஷிலிருந்து வருவது. வயலின் வில் தந்தியைப் பற்றிப் பற்றி விடுவதால் நாதம் எழுவது போலவே, உலர்ந்த புஷ் தண்டைப் பற்றியும் வழுக்கியும் விடுவதால் இக்கீச்சொலி பிறக்கின்றது. புஷ்ஷின்மேல் சிறிது நீர் ஊற்றிப் பாருங்கள். ஒலி தற்காலிகமாக அடங்கினால் குற்றவாளி அதுவே. உடனே கையில் அகப்பட்ட கிரீசைப் பூசுவோர் உளர். அது தகாது. 1876ஆம் ஆண்டில் கியூ பூங்காவிலிருந்து கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைக்குக் கன்றாக வந்து, இந்நாட்டுக்குச் செல்வம் தேடித் தந்த அந்த இயற்கை இறப்பருக்குக் கனிய எண்ணெய் பகை. ஊறினால் வீங்கி நெகிழ்ந்து போகும். புதுவகைத் தண்டுகளுடன் வரும் பொலியூரித்தேன் புஷ்களுக்குச் சிலிக்கோன் கிரீசே பொருத்தமானது.

'டக்' என்ற ஒலி வேறு இனம். இரும்பு இரும்பைத் தட்டுவதால் எழுவது அது. நட்டு முழுமையாக இறுகாதிருக்கலாம். லிங்க்கின் பந்து மூட்டு தேய்ந்திருக்கலாம். புஷ்ஷின் துவாரம் தண்டிலும் ஒரு மில்லிமீற்றர் பெரிதாயிருக்கலாம். தண்டு ஒரு பக்கமாக நகர்ந்து புகைக்குழாயைத் தொடலாம். பந்து மூட்டு லிங்க்கை இறுக்கும்போது அதன் நடுத்தண்டும் கூடவே சுழலும். நட்டு இறுகியது போலத் தோன்றும், இறுகியிராது. நடுத்தண்டை அலன் சாவியாற் பிடித்துக்கொண்டே நட்டைத் திருப்ப வேண்டும்.

கொள்ளுப்பிட்டியில் வசிக்கும் என் நண்பர் ஒருவர், இளைப்பாறிய எழுதுவினைஞர். வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய தடித்த தண்டைத் தம் பழைய ஜப்பானிய வண்டிக்குப் பூட்டுவித்தார். சத்தம் தொடங்கிற்று. நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பத்துடன் புறப்பட மூன்று வாரங்களே இருந்தன. பூட்டிய கராஜில் "சொக்கப்சோபர் போய்விட்டது" என்றார்கள். ஒரு மாத ஓய்வூதியத்திலும் கூடிய தொகைக்கு இரண்டு சொக்கப்சோபர்கள் மாற்றப்பட்டன. சத்தம் மாறவில்லை. "வயதான வண்டி, விற்றுவிடுங்கள்" என்றார் மற்றொருவர்.

இறுதியிற் கொட்டாஞ்சேனையில் வயது முதிர்ந்த பாஸ் ஒருவரிடம் நானும் உடன் சென்றேன். அவர் வண்டியைத் தூக்கவில்லை. முதலில் ஒரு வேகத்தடை மீது இரு சில்லுகளும் ஒருங்கே ஏறுமாறு மெல்ல ஓட்டினார்; சத்தமில்லை. பிறகு ஒரு சில்லு மட்டும் ஏறுமாறு ஓட்டினார், 'டக்' என்றது. "ரெண்டு பக்க லிங்க்கையும் கழட்டிப் போட்டு ஒருக்கா ஓடிப் பாப்பம், சேர்" என்றார். தண்டு தொங்காதவாறு கட்டிவைத்து, ஆள் நடமாட்டமில்லாத ஒழுங்கையில் மெதுவாக ஒரு சுற்று. சத்தம் அறவே இல்லை. அவ்வளவில் சொக்கப்சோபர் குற்றமற்றது என்பது நிரூபணமாயிற்று. விஞ்ஞான வகுப்பில் நாம் ஆண்டு முழுவதும் கற்பிக்க முயலும் முறையை அவர் பத்து நிமிடத்திற் செய்து காட்டினார் என்றே எனக்குத் தோன்றியது.

பின்னர் வண்டியைக் குழியின் மேல் நிறுத்திக் கீழே இறங்கிப் பார்த்தோம். புஷ்களின் துவாரம் பெரிது. தண்டு பக்கவாட்டில் நகராதிருக்க இரு புறமும் பூட்ட வேண்டிய வளையங்கள் பூட்டப்படவேயில்லை. ஆகவே தண்டு இடப்புறமாக நகர்ந்திருந்தது. அங்கேதான் எங்களுக்கு உடல் சிலிர்த்தது: நகர்ந்த லிங்க்கின் போல்ட் முனை, பிரேக் எண்ணெய் செல்லும் இறப்பர்க் குழாயின் மேல் உராய்ந்து, அதன் மேற்றோலை அரித்து உள்ளிழை தெரியும்படி செய்திருந்தது. இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்குமோ! ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரம், பேரப்பிள்ளைகளும் அந்த வண்டியில் செல்லவிருந்தார்கள்.

குழாய் மாற்றப்பட்டு, பிரேக்கிலிருந்து காற்று வெளியேற்றப்பட்டது. சரியான அளவு புஷ்களும் வளையங்களும் வந்தன. வண்டி தன் நான்கு சில்லுகளிலும் நின்ற நிலையிலேயே லிங்க்குகள் இறுக்கப்பட்டன. சில்லுகள் அந்தரத்தில் தொங்க இறுக்கினால் லிங்க்கின் இறப்பர் வண்டி இறங்கியதும் முறுகி நின்று விரைவிற் கிழியும். நைலோன் பூட்டுள்ள பழைய நட்டுகளைப் பாஸ் மீண்டும் பாவிக்க மறுத்துவிட்டார். கடற்காற்றில் துருவேறிய இரண்டு போல்ட்டுகளையும் அவர் எறிந்தார். மரைன் டிரைவ் ஓரம் வண்டி நிறுத்துவோர் இதைக் கவனிப்பது நன்று. வீட்டில் இவ்வேலையைத் தாமே செய்ய விரும்பும் இளைஞர்களுக்கு ஒன்று கூறுவேன்: வெறும் ஜக்கை நம்பி வண்டிக்குக் கீழ் ஒருபோதும் படுக்காதீர்கள், உறுதியான தாங்கிகள் வேண்டும்.

குடும்ப வண்டிக்கு இத்தடித்த தண்டு அவசியந்தானா என்பது வேறு கேள்வி. முன்சில்லால் இழுக்கப்படும் வண்டிக்குப் பின்தண்டு தடித்தால் வளைவிலே மூக்கு நன்றாகத் திரும்பும் என்பது உண்மை. ஆனால் மழை நனைத்த வீதியில் வேகமாகத் திருப்பும்போது பின்புறம் வழுக்கிச் செல்லும் இயல்பும் அதனாற் கூடுகின்றது. காலி வீதியில் ஊர்ந்து செல்லும் நமக்கு முன்னதால் வரும் பயன் மிகச் சிறிது. பின்னதோ மாரிகாலந்தோறும் உடன் வருவது. மகன் அன்போடு அனுப்பிய பொருளென்பதால் நண்பர் அதனைக் கழற்ற இசையவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

இருநூறு கிலோமீற்றர் ஓடியபின் எல்லா நட்டுகளையும் மீண்டும் இறுக்கிப் பார்க்கும்படி பாஸ் சொல்லியிருந்தார். நண்பர் அவ்வாறே செய்துவிட்டுத்தான் நல்லூருக்குப் புறப்பட்டார். வவுனியாவைத் தாண்டியதும் பின்புறம் மறுபடியும் ஏதோ 'கிணுகிணு' என்றதாம். அஞ்சியபடி இறங்கிப் பார்த்தபோது, பின்பெட்டியிற் கட்டாமல் விட்ட ஜக் அங்குமிங்கும் உருண்டுகொண்டிருந்தது.