ரிசர்வ் வங்கியின் கணிப்பும் நம் கடை வட்டியும்

விலைவாசி இத்தனை சதவிகிதம் உயரும், வளர்ச்சி இத்தனை சதவிகிதம் இருக்கும் என்று ரிசர்வ் வங்கி அறிவிக்கும் செய்தியை நம்மில் பலர் படிக்காமலே பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் நமது ஓ.டி. கணக்கின் வட்டி ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் அந்தக் கணிப்பை ஒட்டித்தான்.

இது ஜோசியம் அல்ல. பல ஆண்டுகளின் விலை, கூலி, உற்பத்தி, வட்டி ஆகிய புள்ளிவிவரங்களைச் சேர்த்து, ஒன்று ஏறியபோது மற்றொன்று எவ்வளவு மாறியது என்று கணக்கிடுகிறார்கள். பிரிட்டனின் 1861 முதல் 1957 வரையிலான விவரங்களை ஆராய்ந்த ஃபிலிப்ஸ் என்ற அறிஞர், வேலையின்மை குறைந்தபோது கூலி வேகமாக உயர்ந்ததை 1958-ல் எடுத்துக்காட்டினார். 1970-களில் வேலையின்மையும் விலைவாசியும் சேர்ந்தே உயர்ந்தபோது அந்தத் தொடர்பு பொய்த்தது. பழைய பேரேட்டைப் பார்த்துத் தீபாவளிக்குச் சரக்கு எடுப்பது போலத்தான் இதுவும். பேரேட்டில் இல்லாத சங்கதி நடந்தால் கணக்கு தவறும்.

2022-ல் நடந்ததைப் பார்ப்போம். 2022-23-ல் சில்லறை விலைவாசி 4.5 சதவிகிதம் உயரும் என்று பிப்ரவரி 10 அன்று ரிசர்வ் வங்கி கணித்தது. பிப்ரவரி 24 அன்று ரஷ்யா-உக்ரைன் போர் மூண்டது. சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடைப்பட்டது. ஏப்ரல் இறுதியில் இந்தோனேஷியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தியது. கணிப்பு ஏப்ரலில் 5.7 ஆகவும், ஜூனில் 6.7 ஆகவும் உயர்த்தப்பட்டது. ஆண்டுச் சராசரியும் 6.7 சதவிகிதமாகவே முடிந்தது.

இதனால் 4 சதவிகிதமாக இருந்த ரெப்போ வட்டி, 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவிகிதமானது. 2025 பிப்ரவரியில்தான் அது இறங்கத் தொடங்கியது. ரெப்போவுடன் இணைந்த கடன் ரூ.10 லட்சம் வைத்திருந்த வியாபாரிக்கு, ஆண்டுக்கு ரூ.25,000 கூடுதல் சுமை!

ஆகவே நாம் கவனிக்க வேண்டியவை:

1. கணிப்பு எண்ணுடன் அதன் அனுமானத்தையும் படிக்க வேண்டும். 2022 ஏப்ரல் கணிப்பு, பருவமழை சரியாகப் பெய்யும், கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலராக இருக்கும் என்ற அடிப்படையில் அமைந்தது. மழை பொய்த்தால் கணிப்பும் மாறும்.

2. ஓர் எண்ணைவிட அதன் போக்கு முக்கியம். அடுத்தடுத்த அறிவிப்புகளில் விலைவாசிக் கணிப்பு உயர்ந்துகொண்டே போனால், வட்டி ஏறக்கூடும் என்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் கடன் வாங்கிச் சரக்கை அடுக்குவது ஆபத்து.

3. நமது கடன் ரெப்போவுடன் இணைந்ததா, வட்டி எத்தனை மாதத்துக்கு ஒரு முறை திருத்தப்படும் என்பதை வங்கி மேலாளரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ரெப்போ ஏறும்போது தானாக ஏறும் வட்டி, இறங்கும்போதும் இறங்கியதா என்று பாஸ்புத்தகத்தைப் பார்ப்பது நம் பொறுப்பு.

கணிப்பு தவறலாம். ஆனால் அதைப் பார்த்துத்தான் வட்டி நிர்ணயமாகிறது என்பதால், வியாபாரி அதை அறிந்திருப்பது லாபமே.