கோப்பை யாருக்கும் இல்லை!

குழந்தைகளே! ஒரு போட்டி நடந்தால் ஓர் அணி ஜெயிக்கும், இன்னோர் அணி தோற்கும். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் 32 அணிகள் தயாராக இருந்தும், ஓர் ஆட்டம்கூட நடக்காமல், கோப்பை யாருக்கும் போகாமல் முடிந்த போட்டி ஒன்று உண்டு. அதன் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

அந்தப் போட்டியின் பெயர் சாம்பியன்ஸ் ஹாக்கி லீக். ஐரோப்பிய நாடுகளின் சிறந்த ஐஸ் ஹாக்கி கிளப் அணிகள் மோதும் போட்டி இது. 2014-ஆம் ஆண்டில் தொடங்கியது. இதன் வெற்றியாளர் பட்டியலைப் பாருங்கள். 2019-இல் ஸ்வீடன் நாட்டின் ஃபிரோலுண்டா அணி. 2020-இல் மறுபடியும் ஃபிரோலுண்டா. 2022-இல் அதே நாட்டின் ரோக்லே அணி. நடுவில் 2021-ஐக் காணோமே! ஏன்?

பந்து இல்லாத ஹாக்கி

முதலில் இந்த விளையாட்டைப் பற்றித் தெரிந்துகொள்வோம். நாம் பார்க்கும் ஹாக்கியில் பந்து உண்டு. ஓர் அணிக்கு 11 பேர். ஐஸ் ஹாக்கியிலோ ஒரு சமயத்தில் கோல்கீப்பரையும் சேர்த்து 6 பேர்தான் களத்தில் இருப்பார்கள். களம் முழுவதும் பனிக்கட்டி. வீரர்கள் அடியில் கத்தி பொருத்திய காலணியுடன் அதில் சறுக்கி ஓடுவார்கள்.

பந்துக்குப் பதில் 'பக்' என்ற கறுப்பு ரப்பர் வில்லை. ஆட்டத்துக்கு முன் அதைக் குளிரில் உறைய வைப்பார்கள். ரப்பர் சாதாரணமாக இருந்தால் துள்ளும். உறைந்தால் துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போகும். பலமாக அடித்தால் மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும்!

ஆட்டம் 20 நிமிடங்கள் வீதம் மூன்று பகுதிகளாக நடக்கும். வேகம் அதிகம் என்பதால் வீரர்களுக்குச் சீக்கிரம் மூச்சு வாங்கும். ஒரு நிமிடத்துக்குள்ளாகவே சிலர் வெளியே வந்து பெஞ்சில் உட்கார, வேறு சிலர் உள்ளே போவார்கள். இந்த மூச்சு வாங்கும் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்தது கொரோனா

2020 பிப்ரவரியில் செக் குடியரசில் இறுதியாட்டம் நடந்தது. ஃபிரோலுண்டா 3-1 என்ற கோல் கணக்கில் அந்நாட்டு அணியை வென்றது. அடுத்த மாதமே கொரோனா நோய் ஐரோப்பா முழுவதும் பரவிவிட்டது. அப்போது உங்களில் பலர் சின்னக் குழந்தைகள். பள்ளிகள் மூடிக் கிடந்ததை வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

அடுத்த போட்டியை நடத்த அமைப்பாளர்கள் எவ்வளவோ முயன்றார்கள். தொடக்கத் தேதியைத் தள்ளி வைத்தார்கள். ஆட்டங்களைக் குறைத்து, தோற்றால் வெளியேறும் நாக்-அவுட் முறையில் நடத்தலாம் என்றும் திட்டமிட்டார்கள். பலன் இல்லை. 2020 அக்டோபரில் போட்டி முழுவதுமாக ரத்து செய்யப்பட்டது.

இவ்வளவு பயம் எதற்கு என்று தோன்றுகிறதா? அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2020 ஜூன் 16 அன்று பொழுதுபோக்காக ஓர் ஐஸ் ஹாக்கி ஆட்டம் நடந்தது. அதில் ஆடியவர்கள் 22 பேர். ஐந்தே நாட்களில் அவர்களில் 14 பேருக்கும், அரங்கப் பணியாளர் ஒருவருக்கும் நோய் அறிகுறிகள் தோன்றின. மூடிய அரங்கம், குளிர்ந்த காற்று, பலமாக மூச்சு வாங்கும் வீரர்கள், நெருக்கமான பெஞ்சு, உடை மாற்றும் அறை. கிருமி பரவ இவை போதாதா?

'அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆடும் பெரிய லீக்கான என்.எச்.எல். மட்டும் அதே ஆண்டில் நடந்ததே?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! அங்கே போட்டியிட்ட அணிகளைக் கனடாவின் இரண்டு நகரங்களில் வெளியாட்கள் நெருங்காதபடி தங்க வைத்து, அடிக்கடி பரிசோதனை செய்து, கோப்பைக்கான கடைசிக் கட்ட ஆட்டங்களை நடத்தி முடித்தார்கள். சாம்பியன்ஸ் ஹாக்கி லீக் அப்படிப்பட்டதல்ல. வீரர்கள் தங்கள் நாட்டு லீக்கில் ஆடிக்கொண்டே, நடுநடுவே வேறு நாடுகளுக்குப் போய் இதிலும் ஆடவேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு பயணக் கட்டுப்பாடு. எல்லை தாண்டிப் போனவர், திரும்பி வந்து பல நாட்கள் தனிமையில் இருக்க நேரிடலாம். ஒருவருக்கு நோய் வந்தால், அது இன்னொரு நாட்டுக்கும் போய்ச் சேரலாம்.

நூறு ஆண்டுகளுக்கு முன்

நோயால் ஒரு கோப்பை யாருக்கும் கிடைக்காமல் போனது அதுதான் முதல் தடவையா? இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதே விளையாட்டில் அது நடந்திருக்கிறது. ஆனால் அங்கே ஆட்டத்தை நிறுத்துவதற்குள் காலம் கடந்துவிட்டது.

1919-ஆம் ஆண்டு. உலகெங்கும் ஸ்பானிஷ் ஃப்ளூ என்ற கொடிய காய்ச்சல் பரவியிருந்த நேரம். புகழ்பெற்ற ஸ்டான்லி கோப்பைக்காக அமெரிக்காவின் சியாட்டில் நகரில், அந்நகர அணியும் கனடாவின் மாண்ட்ரியல் அணியும் மோதின. ஐந்து ஆட்டங்கள் முடிந்தன. இரு அணிகளுக்கும் இரண்டிரண்டு வெற்றி. ஓர் ஆட்டம் சமன். கோப்பை யாருக்கு என்று முடிவு செய்யவேண்டிய ஆட்டத்துக்குச் சில மணி நேரமே இருந்தபோது, மாண்ட்ரியல் வீரர்கள் பலர் காய்ச்சலில் விழுந்தார்கள். ஆட்டம் நின்றது. அவர்களில் ஜோ ஹால் என்ற வீரர் ஏப்ரல் 5 அன்று மருத்துவமனையில் இறந்தார்.

ஆட முடியாத மாண்ட்ரியல் அணி, 'கோப்பையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்' என்றது. சியாட்டில் அணி மறுத்துவிட்டது! நோயில் கிடப்பவர்களைத் தோற்றவர்களாக்கிப் பெறும் கோப்பை அவர்களுக்கு வேண்டாம். இன்றும் ஸ்டான்லி கோப்பையில் 1919-க்கு நேரே இரு அணிகளின் பெயர்களும் இருக்கின்றன. கூடவே, 'தொடர் முடிவடையவில்லை' என்ற பொருளில் ஒரு வரியும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

2020-இல் ரத்து செய்த முடிவும் எளிதானதல்ல. விளையாட்டு வீரர் ஆடக்கூடிய ஆண்டுகள் கொஞ்சம்தான். அதில் ஓர் ஆண்டின் வாய்ப்பு போனால் போனதுதான். தன் அணி தகுதி பெற்றதே என்று மகிழ்ந்த ரசிகர்களுக்கும் ஏமாற்றம். ஆனால் ஆட்டத்தைப் பிறகும் ஆடலாம். உயிர் போனால் வருமா?

சாம்பியன்ஸ் ஹாக்கி லீக் அடுத்த ஆண்டே மறுபடியும் தொடங்கியது. 2022 மார்ச் 1 அன்று இறுதியாட்டம். ஸ்வீடனின் சிறிய ஊரான எங்கெல்ஹோமைச் சேர்ந்த ரோக்லே, பின்லாந்தின் டப்பாரா அணியை 2-1 என்று வென்று முதல்முறையாகக் கோப்பையைத் தூக்கியது. தோற்ற டப்பாரா சும்மா இருந்ததா? மறு ஆண்டே அந்தக் கோப்பையை வென்று காட்டியது!